கடப்பா கல்லுக்கு அடியில் ஒரு குகை: பெலும், பில்ல சுர்கம் போனவர்கள் வாருங்கள்

சைதைக்காரன்:

போன மாதம் மச்சானோடு பெலும் குகைக்குப் போய்விட்டு வந்தேன். ஆந்திராவில் கொலிமிகுண்ட்லா பக்கம், முன்பு கர்னூல் மாவட்டம், இப்போது நந்தியால். மும்பை போகிற வண்டியில் ஏறினால் தாடிபத்ரியில் இறங்கலாம், அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர். கண்டிக்கோட்டா போகிற சென்னைக்காரர்கள் திரும்பும் வழியில் ஒரு மணி நேரம் ஒதுக்கிப் பார்த்துவிட்டு வருகிற இடம். நாங்களும் அப்படி நினைத்துத்தான் போனோம், ஆனால் மதியம் முழுக்க உள்ளேயே கிடந்தோம்.

குகை என்றால் மலை இருக்கும், மலையில் ஒரு வாய் இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். மகாபலிபுரம் பார்த்து வளர்ந்த புத்தி. இங்கே மலையே இல்லை. தட்டையான வயக்காடு, நடுவில் பாழுங்கிணறு மாதிரி ஒரு பள்ளம், அதில் படி வைத்திருக்கிறார்கள், இறங்கினால் கீழே தெருத் தெருவாகப் போகிறது. அளந்தது மொத்தம் 3,229 மீட்டர், அதில் ஒன்றரை கிலோமீட்டர் போலத்தான் நம்மை விடுகிறார்கள். சில இடம் கல்யாண மண்டபம் அளவு, சில இடம் பக்கவாட்டில் திரும்பி வயிற்றை எக்கிக்கொண்டு போக வேண்டும் (மச்சான் ஓரிடத்தில் சிக்கிக்கொண்டான், அதை இங்கே எழுதக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறான்). கடைசியில் பாதாள கங்கை என்று ஒரு சின்ன நீரோட்டம், தரைமட்டத்திலிருந்து சுமார் 46 மீட்டர் கீழே. தண்ணீர் எங்கிருந்தோ வந்து எங்கோ போகிறது.

உள்ளே குளுகுளு என்று இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பத்து நிமிடத்தில் சட்டையைப் பிழியலாம். மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி படிந்து, நான் பாதிக் குகையைத் தடவித்தான் பார்த்தேன்.

இப்போது விஷயம். வீட்டுக்கு வந்து மறுநாள் அடுப்பு மேடையைத் துடைக்கிறேன், அதே கருப்பு, அதே வழுவழுப்பு, அதே வெள்ளைக் கீற்று. இது எனக்கு மட்டும் தோன்றுகிறதா, இல்லை உண்மையிலேயே அந்தக் கல்தானா? இரண்டாவது கேள்வி மச்சான் உள்ளே நின்று கேட்டது: "முதல்ல யாருடா இதுக்குள்ள எறங்கினது?" கூட வந்தவர்கள் சாமியார்கள் தவம் செய்தார்கள் என்றார்கள். சரி, அவர்களுக்கு முன்னால்?

ரிட்டையர்டு வாத்தியார்:

தம்பி, உங்கள் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. நம் ஊரில் கொத்தனார் "கடப்பா" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போகிற கருப்புக் கல் சுண்ணாம்புக்கல். நிலவியலில் நார்ஜி சுண்ணாம்புக்கல் என்போம், கடப்பா மாவட்டத்தில் நார்ஜி என்ற ஊரின் பெயர். பெலும் குகை அதற்குள்தான் இருக்கிறது. தாடிபத்ரி, பேத்தம்செர்லா பக்கம் கல் அறுக்கிற பட்டறைகள் வழி நெடுக இருந்திருக்குமே, அங்கே பலகையாக அறுத்து லாரி ஏற்றுவதுதான் இங்கே நம் அடுப்படிக்கும் துணி துவைக்கிற இடத்துக்கும் லாஃப்ட்டுக்கும் வருகிறது. குகைக்குள் நீங்கள் தொட்ட சுவரும் உங்கள் அம்மா தேங்காய் உடைக்கிற மேடையும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

குகை எப்படி உண்டாகிறது என்பதற்கு அடுப்படியை விட்டு எங்கும் போக வேண்டாம். கடப்பா மேடையில் எலுமிச்சை மூடியைக் கவிழ்த்து வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். காலையில் வட்டமாக ஒரு வெளுத்த தழும்பு இருக்கும், எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. புளிப்பு கல்லைத் தின்றுவிட்டது. கக்கூஸ் கழுவுகிற ஆசிட் சிந்தினால் பொங்கவே பொங்கும்.

மழைத்தண்ணீரும் கொஞ்சம் புளிப்புதான். காற்றில் கொஞ்சம், மண்ணுக்குள் வேர்களும் கிருமிகளும் விடுகிற மூச்சில் நிறைய, கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு இறங்குகிறது. அது சோடா மாதிரி, எலுமிச்சையைவிடப் பல மடங்கு சாது. ஆனால் அதற்கு அவசரம் இல்லை. கல்லில் இருக்கிற விரிசலில் புகுந்து, ஆயிரக்கணக்கான, லட்சக்கணக்கான வருடம் கரைத்துக் கரைத்து, மயிரிழை விரிசலை ஆள் நடக்கிற சந்தாக்கிவிடும். அப்புறம் நிலத்தடி நீர் இறங்கிவிட்டால் சந்து வெறுமையாக நிற்கும். அதுதான் நீங்கள் நடந்த தெரு. அந்தச் சுவர்கள் வளைந்து வளைந்து வழுவழு என்று இருப்பது தண்ணீர் நிறைந்து ஓடிய காலத்து வேலை.

இதையே தலைகீழாகச் செய்தால் கல்விழுது. சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வருகிற சொட்டு, குகையின் கூரையில் தொங்கும்போது அந்த வாயுவைக் காற்றில் விட்டுவிடுகிறது, சுண்ணாம்பைச் சுமக்க முடியாமல் இறக்கி வைத்துவிடுகிறது. மேலே இறக்கினால் கல்விழுது, கீழே விழுந்து இறக்கினால் கல்முளை, இரண்டும் தொட்டுக்கொண்டால் கல்தூண். பெலுமில் இவை குறைவு, சந்துகள்தான் அழகு. விழுது பார்க்க வேண்டுமென்றால் அரக்கு பக்கம் போரா குகைக்குப் போங்கள்.

பூண்டி பஸ்:

இதற்கு ஆந்திரா வரை எதற்குப் போக வேண்டும், நம் பக்கத்திலேயே குடியம் குகை இருக்கிறதே. பூண்டி ஏரியிலிருந்து சிறிது தூரம், ஆதிமனிதன் வாழ்ந்த குகை என்று போர்டே இருக்கிறது. உள்ளூர் சரக்குக்கு எப்போதும் மதிப்பில்லை.

எழும்பூர் அலமாரி:

பூண்டி பஸ், கோபிக்காதீர்கள், குடியம் எனக்கும் பிடித்த இடம், முள்காட்டில் நடந்து போய் அந்தப் பெரிய குகையின் கீழே உட்கார்ந்தால் எழுந்து வர மனம் வராது. ஆனால் அது சுண்ணாம்புக்கல் இல்லை. பழைய ஆற்றுக் கூழாங்கற்கள் ஒட்டி இறுகிய பாறை, அண்ணாந்து பார்த்தால் கூரை முழுக்க உருண்டைக் கல் பதித்திருப்பது தெரியும். தண்ணீரும் காற்றும் அரித்து, கீழ்ப்பக்கம் உதிர்ந்து, மேலே கூரை மிஞ்சியிருக்கிறது. நாலடி உள்ளே போனால் சுவர். 1962 முதல் 64 வரை தொல்லியல் துறை சார்பில் பானர்ஜி என்பவர் அங்கே தோண்டினார். கற்கருவிகள் கிடைத்தன. எலும்பு கிடைக்கவில்லை.

இந்த "எலும்பு கிடைக்கவில்லை" என்பதுதான் நம் ஊர் வரலாற்றின் பெரிய சோகம் என்பேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1863 மே 30. பல்லாவரத்தில் ஒரு குழியில் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் ஒரு கைக்கோடரியைக் கண்டெடுக்கிறார். இந்தியாவில் பழைய கற்காலம் என்ற ஒன்று இருந்தது என்பதே அன்றைக்குத்தான் தெரிகிறது. அதே செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங் என்ற சக நிலவியலாளரும் கொசஸ்தலை ஆற்றுப் பக்கம் அத்திரம்பாக்கத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். அந்த அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் வருடக்கணக்காகத் தோண்டி, 2011-ல் அங்குள்ள கைக்கோடரிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டு என்று வெளியிட்டார்கள். 2018-ல் அடுத்த கட்டக் கருவிகளுக்கு சுமார் 3,85,000 ஆண்டு. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் அந்தக் கோடரியைப் பிடித்த கை? அதன் ஒரு விரல் எலும்புகூட நம்மிடம் இல்லை. நம் செம்மண்ணும் சரளையும் புளிப்பானவை. எலும்பு அதில் கரைந்து போகும், கல் மட்டும் மிஞ்சும். இந்தியா முழுக்கவே, எல்லாரும் ஒப்புக்கொண்ட அவ்வளவு பழைய மண்டையோடு என்றால் 1982-ல் நர்மதைக் கரையில் ஹத்னோராவில் கிடைத்த அந்த ஒன்றைத்தான் சொல்கிறார்கள்.

சுண்ணாம்புக்கல் குகை இதற்கு நேர்மாறு. அங்கே சொட்டுகிற தண்ணீர் ஏற்கெனவே சுண்ணாம்பைத் தின்று வயிறு நிறைந்தது, எலும்பைத் தொடாது, சில சமயம் மேலே ஒரு பூச்சு பூசியும் விடும். ஃபூட்டுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் பல்லாவரத்துக்கு இருபது வருடம் கழித்து, 1884-ல், பேத்தம்செர்லா பக்கத்திலுள்ள பில்ல சுர்கம் குகைகளுக்குப் போகிறார். 1844-லேயே கேப்டன் நியூபோல்ட் என்பவர் அங்கே எலும்பு கிடைத்ததாக எழுதியிருந்தார். ஃபூட் தன் மகன் ஹென்றியையும் சேர்த்துக்கொண்டார், பையன் ராணுவத்தில் லெப்டினன்ட். தோண்டுகிற வேலையில் பெரும்பகுதி மகனுடையது. குகைகளுக்கு அவர்கள் வைத்த பெயரைப் பாருங்கள்: கதீட்ரல், பர்கேட்டரி, எலும்புகள் குவிந்து கிடந்த ஒன்றுக்கு சார்னல் ஹவுஸ், அதாவது பிண எலும்புக் கிடங்கு. வெயிலில் காய்ந்த கர்னூலில் உட்கார்ந்துகொண்டு இங்கிலாந்துக் கோயில் பெயர்கள்.

மூட்டை மூட்டையாக வந்த எலும்புகளை லிடெக்கர் என்ற விலங்கியலாளர் ஆராய்ந்து 1886-ல் வெளியிட்டார். அதில் காண்டாமிருகம் இருந்தது. கர்னூலின் பெயரையே அதற்கு வைத்தார், ரைனோசெரஸ் கர்னூலியென்சிஸ். நம் அடுப்பு மேடை வருகிற ஊரில் காண்டாமிருகம் மேய்ந்திருக்கிறது, யோசித்துப் பாருங்கள்.

சைதைக்காரன்:

அலமாரி சார், புல்லரிக்கிறது. ஆனால் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறதே, காண்டாமிருகம் சரி, மனிதன்?

எழும்பூர் அலமாரி:

வருகிறேன். ஃபூட், எலும்பில் செய்த கருவிகள் நிறையக் கிடைத்ததாகச் சொன்னார், பிரான்சின் குகைகளில் கிடைத்ததோடு ஒப்பிட்டார். ஆனால் இதில் ஒரு சிக்கல். குகையில் எலும்பு இருந்தால் அதை மனிதன்தான் கொண்டு வந்தான் என்று இல்லை. முள்ளம்பன்றிக்கு எலும்பு கடிக்கிற பழக்கம், எங்கே கிடந்தாலும் இழுத்து வந்து வளையில் போட்டு, பல்லைத் தேய்த்துக்கொள்ளும். கடித்த இடம் செதுக்கியது மாதிரியே இருக்கும். ஆந்தை, எலியை முழுங்கிவிட்டு எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கும், எலி எலும்பு குவிவது அப்படித்தான். கழுதைப்புலியைக் கேட்கவே வேண்டாம். ஆகையால் ஒரு கூரான எலும்பு கிடைத்தால் இது ஆள் வேலையா, முள்ளம்பன்றி வேலையா என்று பூதக்கண்ணாடி வைத்துத்தான் சொல்ல முடியும். ஃபூட் காலத்தில் அந்தக் கேள்வியை யாரும் பெரிதாகக் கேட்கவில்லை.

மனிதன் இருந்ததற்கு நல்ல சாட்சி வேறொரு குகையில் கிடைத்தது, பெயர் முச்சட்ல சிந்தமானு கவி. 1970-களில் எம்.எல்.கே. மூர்த்தி தோண்டினார். நெருப்பு மூட்டிய அடுப்பு, சுட்ட மண், எலும்புக் கருவிகள். அந்தச் சுட்ட மண்ணின் வயது சுமார் 17,000 ஆண்டு. மச்சானிடம் சொல்லுங்கள், பெலுமுக்குள் முதலில் இறங்கியவன் யார் என்று சொல்ல முடியாது, ஆனால் அதே கல்நாட்டில் பக்கத்துக் குகையில் 17,000 வருடம் முன்னால் ஒருவர் உட்கார்ந்து எதையோ சுட்டுச் சாப்பிட்டிருக்கிறார் என்று.

பூண்டி பஸ்:

ஆக ஆதிமனிதன் குகையில்தான் குடியிருந்தான், பள்ளிக்கூடத்தில் படித்தது சரி.

ரிட்டையர்டு வாத்தியார்:

இல்லை. அந்தப் பாடத்தை நானே முப்பது வருடம் நடத்தியிருக்கிறேன், இப்போது வெட்கமாக இருக்கிறது. பல்லாவரம், அத்திரம்பாக்கம் எல்லாம் திறந்த வெளி, ஆற்றோரம். ஜனங்கள் பெரும்பாலும் அங்கேதான் இருந்தார்கள், மரத்தடியில், ஓடைக்கரையில். குகைக்கு மழைக்கு ஒதுங்கியிருப்பார்கள், வேட்டைக்குப் போகிற வழியில் ராத் தங்கியிருப்பார்கள். ஆனால் மரத்தடியில் போட்ட எலும்பு ஒரு பருவம் தாங்காது, குகையில் போட்டது தங்கிவிடும். பெட்டிக்குள் வைத்த கடுதாசி மட்டும் மிஞ்சினால் அந்தக் காலத்தில் எல்லாரும் பெட்டிக்குள் உட்கார்ந்துதான் கடுதாசி எழுதினார்கள் என்று சொல்வோமா? பெலுமின் உள்பாகத்தில் அந்த இருட்டிலும் புழுக்கத்திலும் யாரும் குடித்தனம் நடத்தியிருக்க முடியாது. வெளிச்சம் படுகிற வாய்ப்பகுதிதான் எப்போதும் மனிதனுக்கு, உள்ளே வௌவாலுக்கு.

கர்னூல் மருமகள்:

பிறந்தது புரசைவாக்கம், வாக்கப்பட்டது பனகானபள்ளி பக்கம் ஒரு கிராமம். நீங்கள் எல்லாரும் 17,000 வருடத்துக்கு முன்னால் நிற்கிறீர்கள், எங்கள் மாமியார் ஊரில் இன்றைக்கும் ஆடு மேய்க்கிறவர்கள் மத்தியானத்தில் ஆட்டை ஓட்டிக்கொண்டு போய் உட்காருவது கவியில்தான். தெலுங்கில் குகைக்கு கவி என்பார்கள். நம் கொடைக்கானல் பக்கம் வெள்ளகெவி என்று ஊர் இருக்கிறதே, அந்தக் கெவியும் இதுவும் ஒன்றுதான் போலிருக்கிறது என்று எனக்கு ரொம்ப நாளாக எண்ணம். பிலம் என்றால் தமிழிலும் குகைதான், வாலி மாயாவியைத் துரத்திக்கொண்டு உள்ளே போனானே, அது பிலம். பில்ல சுர்கம் என்பதில் இருப்பது பிலமும் சுரங்கமும்தான் என்று ஊரில் சொல்வார்கள்.

யாகந்திக்குப் போயிருக்கிறீர்களா? பனகானபள்ளியிலிருந்து பக்கம். கோயிலைச் சுற்றி மலையில் குகைகள், ஒன்று அகத்தியர் குகை, ஒன்றில் வெங்கடேஸ்வரர், ஒன்று வீரபிரம்மம் குகை. புஷ்கரணியில் கோடையிலும் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். மலைக்குள்ளிருந்து வருகிறது, வாத்தியார் சொன்ன அதே சந்துகள் வழியாகத்தான் வருகிறதோ என்னவோ. காக்காய் வராது என்பார்கள், அகத்தியர் சாபம். நந்தி வளர்ந்துகொண்டே இருக்கிறது என்பார்கள். நான் பதினைந்து வருடமாகப் பார்க்கிறேன், அது அப்படியேதான் இருக்கிறது, நான்தான் வளர்ந்திருக்கிறேன், பக்கவாட்டில். வீரபிரம்மம் என்கிற சாமியார் வீரபிரம்மேந்திரர், காலஞானம் என்று வருங்காலத்தைச் சொன்னது அங்கே ரவ்வலகொண்டா குகையில் என்று ஊரே நம்புகிறது. அதனால் சைதைக்காரரே, சாமியார்கள் தவம் செய்தார்கள் என்பதை அவ்வளவு லேசாகத் தள்ளாதீர்கள், அதுவும் வரலாறுதான். கல்லையும் எலும்பையும் தோண்டினால்தான் மனிதன் என்று இல்லை.

பனகானபள்ளி என்றால் புரிகிறதா? கோயம்பேட்டில் சித்திரையில் கூடை கூடையாக வந்து இறங்குகிற பங்கனப்பள்ளி மாம்பழத்தின் பெயர் அந்த ஊரிலிருந்துதான். கல்லும் அங்கிருந்து, பழமும் அங்கிருந்து.

எழும்பூர் அலமாரி:

அக்கா, நீங்கள் சொன்ன ஊருக்குப் பக்கத்திலேயே ஜ்வாலாபுரம் இருக்கிறது, அதை விட்டுவிட்டீர்களே! சுமத்ராவில் தோபா எரிமலை வெடித்துச் சுமார் 74,000 வருடம் ஆகிறது, அந்தச் சாம்பல் வங்காள விரிகுடாவைத் தாண்டி வந்து ஜ்வாலாபுரத்தில் வெள்ளையாகப் படுகையாகக் கிடக்கிறது. 2007-ல் மைக்கேல் பெட்ராக்லியா குழு வெளியிட்டது: சாம்பலுக்குக் கீழேயும் கற்கருவி, மேலேயும் ஏறக்குறைய அதே மாதிரிக் கருவி. ஆக அத்தனை பெரிய வெடிப்புக்குப் பிறகும் அங்கே ஆட்கள் தொடர்ந்து இருந்திருக்கிறார்கள் என்பது அவர்கள் வாதம். எல்லா ஆராய்ச்சியாளரும் ஒப்புக்கொண்டதில்லை, சண்டை நடக்கிறது. நான் பெட்ராக்லியா கட்சி.

கிள்ளான் திரும்பி:

ஆறு வருடம் கோலாலம்பூரில் வேலை பார்த்துவிட்டு இப்போது பெரம்பூரில் இருக்கிறேன். எல்லாரும் கர்னூலையே சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள், தமிழன் அதிகமாக ஏறி இறங்கிய சுண்ணாம்புக்கல் குகை எது என்று யாருக்கும் தோன்றவில்லையா? பத்துமலை!

சென்னையிலிருந்து போகிறவர்கள் முருகன் சிலை முன்னால் படம் எடுத்துக்கொண்டு, 272 படி ஏறி, கும்பிட்டுவிட்டு இறங்கிவிடுவார்கள். ஒரு நிமிடம் அண்ணாந்து பார்த்தால் கூரையிலிருந்து தொங்குகிறதே, அது கல்விழுது. அந்தச் சுண்ணாம்புக்கல்லின் வயது சுமார் 40 கோடி ஆண்டு. தெமுவான் பழங்குடியினர் அந்தக் குகைகளில் தங்கிப் போயிருக்கிறார்கள். அப்புறம் 1860-களில் சீனர்கள் காய்கறித் தோட்டத்துக்கு உரமாக வௌவால் எச்சத்தை அள்ள ஆரம்பித்தார்கள். 1890-ல் தம்புசாமிப் பிள்ளை முருகனை வைத்தார், 1892 முதல் தைப்பூசம். பழங்குடி, உரம் அள்ளியவர், காவடி எடுத்தவர், மூன்று கூட்டத்துக்கும் ஒரே குகை. அதே மலையை இன்னொரு பக்கம் கல்லுக்காக வெடி வைத்து உடைத்துக்கொண்டிருந்தார்கள், 1980-களில்தான் நிறுத்தினார்கள். அதே மலையில் இருட்டுக் குகை என்று ஒன்று இருக்கிறது, அதில் மிக அபூர்வமான ஒரு சிலந்தி, வலை பின்னாது, மண்ணில் வளை தோண்டிக் கதவு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். முருகன் பக்கத்து வீட்டில்.

போர்னியோ பக்கம் சரவாக்கில் நியா குகை என்று ஒன்று, அதுவும் சுண்ணாம்புக்கல். 1958-ல் அங்கே ஒரு மண்டையோடு கிடைத்தது, சுமார் 40,000 ஆண்டு. நம் அத்திரம்பாக்கத்துக்குக் கிடைக்காத அதிர்ஷ்டம்.

ராத்திரி ஷிப்ட்:

போரா குகையை 1807-ல் ஜியாலஜிகல் சர்வேயின் வில்லியம் கிங் கண்டுபிடித்தார் என்று எல்லா இணையதளத்திலும் இருக்கிறது. மேலே அத்திரம்பாக்கத்தில் 1863-ல் ஒரு வில்லியம் கிங் வருகிறார். ஒரே ஆளா? அப்படியானால் என்ன வயசு மனுஷனுக்கு?

ரிட்டையர்டு வாத்தியார்:

சபாஷ், இப்படித்தான் படிக்க வேண்டும். ஜியாலஜிகல் சர்வே ஆஃப் இந்தியா தொடங்கியதே 1851-ல். இல்லாத ஆபீசிலிருந்து 1807-ல் ஒருவர் எப்படிப் போவார்? யாரோ ஒருவர் தப்பாக எழுதி, மற்றவர்கள் அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். அதைவிட எனக்கு எரிச்சல் "கண்டுபிடித்தார்" என்ற சொல். மாடு பொந்தில் விழுந்து, தேடிப் போன மாட்டுக்காரப் பையன் உள்ளே கல்முளையை லிங்கமாகப் பார்த்தான் என்று அந்த ஊர்க் கதை இருக்கிறது. சிவராத்திரிக்கு அங்கே கூட்டம் கூடுகிறது. ஊர்க்காரர் கும்பிட்டுக்கொண்டிருந்த இடத்தைத் துரை வந்து கண்டுபிடித்தாராம். பெலுமும் அப்படித்தான், 1884-ல் ஃபூட் குறிப்பிட்டார், 1982, 83-ல் கெபாவர் என்ற ஜெர்மானியர் குழுவோடு வந்து அளந்தார், 2002-ல் டிக்கெட் போட்டார்கள். அளந்த பெருமை அவர்களுக்கு, அதில் சந்தேகமில்லை, வெளிச்சமே இல்லாமல் மூன்று கிலோமீட்டர் தவழ்ந்து அளப்பது விளையாட்டில்லை.

ராத்திரி ஷிப்ட்:

இன்னொரு சந்தேகம். இத்தனை ஆயிரம் வருடம் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? சும்மா அடித்துவிடுகிறார்களோ என்று எனக்கு எப்போதும் ஒரு இது.

எழும்பூர் அலமாரி:

வழி நிறைய இருக்கிறது, சுண்ணாம்புக் குகைக்கே உரிய ஒன்றைச் சொல்கிறேன். சொட்டுத் தண்ணீரில் துளியூண்டு யுரேனியம் கரைந்து வரும், தோரியம் கரையாது. அதனால் புதிதாகப் படிகிற சுண்ணாம்பில் யுரேனியம் உண்டு, தோரியம் கிட்டத்தட்டப் பூஜ்யம். அப்புறம் யுரேனியம் சிதைந்து சிதைந்து தோரியம் சேரும், குறிப்பிட்ட வேகத்தில். இரண்டின் விகிதத்தைப் பார்த்தால் படிவத்தின் வயது. இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் குகைச்சுவரில் பன்றியும் மூன்று ஆள் உருவமும் வரைந்திருக்கிறார்கள், அதன்மேல் சுண்ணாம்பு சொட்டிப் படிந்திருக்கிறது. படிவத்தின் வயது குறைந்தது 51,200 ஆண்டு என்று 2024-ல் வெளியிட்டார்கள். பூச்சுக்கு அடியில் இருக்கிற ஓவியம் அதற்கும் முந்தியது. பூட்டுப் போட்ட தேதி தெரிந்தால் உள்ளே வைத்த தேதி அதற்கு முன்னால்தானே.

அதே சொட்டு மழைக் கணக்கும் எழுதி வைக்கிறது. மேகாலயாவில் மாம்லு குகையில் ஒரு கல்முளையை எடுத்து, மேலிருந்து கீழாக அதன் அடுக்குகளில் உள்ள ஆக்சிஜன் வகைகளின் விகிதத்தைப் பார்த்தார்கள், மழை மாறினால் அதுவும் மாறும். சுமார் 4,200 வருடத்துக்கு முன்னால் பருவமழை பலமாகத் தவறியது அதில் தெரிகிறது. 2018-ல் பூமியின் கால அட்டவணையில் இப்போது நாம் இருக்கிற காலத்துக்கே மேகாலயன் என்று பெயர் வைத்துவிட்டார்கள், அந்தக் கல்முளையை அடையாளமாக வைத்து.

சைதைக்காரன்:

அந்தக் கல்முளையில் மச்சான் சாய்ந்து செல்ஃபி எடுத்தான் என்று நினைத்தால் இப்போது பகீர் என்கிறது. (பெலுமில்தான், மேகாலயாவில் இல்லை.)

ரிட்டையர்டு வாத்தியார்:

தொடவே கூடாது. கை எண்ணெய் பட்ட இடத்தில் அப்புறம் சுண்ணாம்பு சரியாகப் படியாது. மூச்சுக்கூடப் பிரச்சினை. பிரான்சில் லாஸ்கோ என்ற ஓவியக் குகையை 1940-ல் பையன்கள் கண்டுபிடித்தார்கள், ஜனங்கள் போய்ப் போய் மூச்சு விட்டு, விளக்கு வெளிச்சத்தில் பாசி பிடித்து, 1963-ல் மூட வேண்டியதாயிற்று. அடுத்த முறை எந்தக் குகைக்குப் போனாலும் விளக்கைச் சுற்றி மட்டும் சுவர் பச்சையாக இருக்கிறதா பாருங்கள்.

ராத்திரி ஷிப்ட்:

நண்பர்கள் ஆறு பேர் ஐப்பசியில் பில்ல சுர்கம் போகலாம் என்று இருக்கிறோம். டார்ச் இருக்கிறது, கயிறு இருக்கிறது.

கர்னூல் மருமகள்:

தம்பி, மழைக்காலத்தில் வேண்டவே வேண்டாம். 2018-ல் தாய்லாந்தில் பன்னிரண்டு பையன்களும் கோச்சும் மாட்டிக்கொண்டது சுண்ணாம்புக் குகையில்தான், மழை வெளியே பெய்தாலும் தண்ணீர் உள்ளேதான் வரும். மாசி வரை பொறுங்கள், அதற்கப்புறம் வெயில் கொன்றுவிடும். உள்ளூர் ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், வாய்ப்பகுதியோடு நில்லுங்கள், வௌவால் எச்சம் குவிந்த இடத்தில் மூக்கை மூடுங்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. டார்ச் ஆளுக்கு இரண்டு. லாட்ஜ் விஷயத்தில் எங்கள் வீட்டுக்காரரின் தம்பி ஏமாந்தது போதும், ஏ.சி. என்று காசு வாங்கிவிட்டு ஜன்னலைத் திறந்துவிட்டார்கள், ஊரைச் சொல்ல மாட்டேன், எங்கள் ஊர்தான்.

பூண்டி பஸ்:

நான் என்னமோ உள்ளூர்ப் பெருமை பேசினேன், இப்போது பார்த்தால் இரண்டும் ஒரே கதை போலிருக்கிறது. கருவி நம்மிடம், எலும்பு அவர்களிடம். பல்லாவரத்தில் குனிந்த அதே ஆள்தான் அங்கேயும் போய்க் குனிந்திருக்கிறார். ஃபூட் சேகரித்ததெல்லாம் எழும்பூர் மியூசியத்தில் இருக்கிறதா?

எழும்பூர் அலமாரி:

இருக்கிறது. அவர் சேகரித்ததை 1904-ல் அரசு விலைக்கு வாங்கியது. தொல்பழங்காலப் பகுதியில் கண்ணாடிக்குப் பின்னால் கைக்கோடரிகள், பெரும்பாலும் யாரும் நிற்காமல் போகிற அலமாரி, என் பெயர் அதிலிருந்து வந்ததுதான். வெள்ளிக்கிழமை விடுமுறை. வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு நான் அங்கே இருப்பேன், வருகிறவர்கள் வரலாம். பூண்டியிலும் ஒரு சின்ன அகழ்வைப்பகம் இருக்கிறது, அதற்கு பூண்டி பஸ்தான் வழிகாட்டி.

சைதைக்காரன்:

நான் வருகிறேன், மச்சானும் வருகிறான். வாத்தியார் சார், உங்களிடம் ஒரு புகார். எலுமிச்சை மூடியைக் கவிழ்த்து வைத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்ன மாதிரியே வெள்ளை வட்டம். அம்மா காலையில் அடுப்படிக்கு வந்தவள் அதைப் பார்த்துவிட்டு, குகை உண்டாகிற விதத்தை நான் விளக்க விளக்க, கையில் கரண்டியோடு கேட்டுக்கொண்டே நின்றாள். பக்கத்திலேயே இன்னொரு பழைய தழும்பு இருந்தது, பெரிசு. அது எப்போது வந்தது என்றேன். "உங்கப்பா ஊறுகாய் ஜாடியை வெச்சது, நீ பொறக்கறதுக்கு முன்னால" என்றாள்.